நாற்று பிடுங்கும் பருவம்

திருவல்லிக்கேணியில் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து நடப்பவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமானது. மேன்ஷன்களின் நடைவழிகளில் விளக்கு எரியும். அறையில் உடன் இருப்பவரின் தூக்கம் கெடக் கூடாது என்று பிளாஸ்டிக் நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டு, மடியில் தலையணை, அதன்மேல் புத்தகம் என்று உட்கார்ந்திருப்பார்கள், டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். உதடு மட்டும் அசையும். சற்று நேரத்தில் இன்னொரு கதவு திறக்கும். குளித்துத் திருநீறு பூசிய ஒரு பையன் பெரிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்குவான். ரிச்சி தெருவில் உதிரிபாகம் வாங்கி ஊர்க் கடைகளுக்குப் பார்சல் போட்டுத் தொழில் பழகுகிறவன். அறைச் சாவியைப் படிக்கிறவனிடம் கொடுத்துவிட்டுப் போவான்.

எங்கள் வீடு அப்படியொரு மேன்ஷனுக்கு எதிரே இருக்கிறது. முப்பது வருடமாக இந்த இரண்டு பையன்களையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆட்கள் மாறுகிறார்கள்; நாற்காலியும் பையும் அப்படியே இருக்கின்றன. ஐந்தாறு வருடம் போனால் ஒருவன் மேசைக்கு உட்பக்கம் உட்காருவான். மற்றவன் மனுவோடு வெளிப்பக்கம் நிற்பான். ஒரே வாளியில் தண்ணீர் மொண்டு குளித்தவர்கள். நடுவே அந்த மேசை வந்ததும் இருவருக்கும் என்ன ஆகிறது என்ற கேள்வி என்னை விட்டதில்லை.

தனியார் தொழிலை வளர்ப்பது அரசின் வேலைகளில் ஒன்றாகி வெகுகாலம் ஆகிவிட்டது. 1949இல் சென்னை மாகாணத்தில் தொழில்களுக்குக் கடன் கொடுக்க ஒரு முதலீட்டுக் கழகம் பிறந்தது. இன்று அதைத் தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகம் என்கிறோம். 1958இல் கிண்டித் தொழிற்பேட்டை. 1965இல் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ. 1971இல் தொழில் வளாகங்களுக்கான சிப்காட். 1978இல் மாவட்டத் தொழில் மையங்கள். 2018இல் அனுமதிகளை ஒரே இடத்தில் பெறுவதற்கான ஒற்றைச் சாளரச் சட்டம். நிறுவனங்களுக்குக் குறைவில்லை. அவற்றின் நாற்காலிகளில் உட்காருகிறவரை எப்படித் தயார் செய்கிறோம் என்று கேட்டால் பதில் அவ்வளவு சுலபமாக வருவதில்லை.

புதிய தொழில்முனைவோருக்கான நீட்ஸ் திட்டத்தில் கடனும் மானியமும் பெற வேண்டுமானால் தொழில் தொடங்க வருகிற பையன் முதலில் பயிற்சி வகுப்பில் உட்கார வேண்டும். சந்தை, கணக்கு, இயந்திரம், வங்கி எல்லாம் படிக்க வேண்டும். சரியான ஏற்பாடுதான். அவனுடைய மனுவைப் படிக்கப்போகிறவருக்கும் பயிற்சி உண்டு. இளநிலை உதவியாளர்கள் பவானிசாகருக்குப் போகிறார்கள். ஐ.ஏ.எஸ். தேர்வானவர்கள் முசோரிக்குப் போகிறார்கள். 2020க்குப் பிறகு கர்மயோகி இயக்கத்தின் பாடங்கள் கைப்பேசியிலேயே வந்துவிட்டன. சட்டம், விதி, கோப்பு, தணிக்கை, நடத்தை ஆகியவற்றை அவர்கள் கற்கிறார்கள். இவற்றோடு, ஒரு தொழில் எப்படிப் பிறக்கிறது, எந்தக் கட்டத்தில் அதற்குக் கை கொடுக்க வேண்டும், எந்தக் கட்டத்தில் அந்தக் கையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் அவர்கள் கற்க வேண்டும். அந்தப் பாடத்துக்கான உதாரணங்களைத் தேடி நான் வெகுதூரம் போகவில்லை. எங்கள் தெருக்களைச் சுற்றியே கிடக்கின்றன.

அண்ணா சாலையிலிருந்து திருவல்லிக்கேணிக்குள் திரும்பினால் எல்லிஸ் சாலை. பிரான்சிஸ் ஒயிட் எல்லிஸ் பெயரால் வந்த சாலை என்று சொல்வார்கள். 1810இல் சென்னையின் கலெக்டராக இருந்தவர் அவர். அவர் வேலை பார்த்தது அரசாங்கத்திலா, தனியார் கம்பெனியிலா? கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி இரண்டுமாக இருந்தார். அந்தக் குழப்பத்தின் கேடுகளை இந்த நாடு நூறு வருடத்துக்கு மேல் சுமந்தது. இருந்தும் எல்லிஸிடம் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. 1812இல் அவர் முன்னின்று உருவாக்கிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி, கூவம் கரையில் நுங்கம்பாக்கத்தில் நடந்தது. கப்பலிலிருந்து இறங்கிய இளம் அதிகாரிகள் தமிழ், தெலுங்கு பண்டிதர்கள் முன்னால் உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். தேறினால்தான் மேலே போக முடியும். தென்னிந்திய மொழிகள் ஒரு தனிக் குடும்பம் என்ற எல்லிஸின் கண்டுபிடிப்பு 1816இல் வெளிவந்ததற்கு அந்த வகுப்பறைகளும் அங்கிருந்த பண்டிதர்களும் காரணம்.

மேசைக்கு எதிரே நிற்பவனின் மொழியைக் கற்றுக்கொள் என்பது இந்த ஊரின் முதல் அதிகாரிப் பயிற்சியாக இருந்தது. தமிழ்நாட்டில் இன்று அதிகாரிக்குத் தமிழ் தெரியும். தொழிலின் மொழி தெரியுமா? சரக்கைக் கொடுத்து மூன்று மாதம் கழித்துப் பணம் வரும் என்பது அவருக்கு என்ன அர்த்தம் கொடுக்கிறது? மாதம் பிறந்தால் சம்பளம் வரும் வீட்டில் அதன் வலி தெரியாது. ஒரு சான்றிதழ் பதினைந்து நாள் தாமதமானால் வாடகைக்கு எடுத்த கொட்டகையில் இயந்திரம் சும்மா நின்று வட்டி தின்னும். ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற சொல்லை உட்பக்கம் இருப்பவர் ஒரு நிலை என்று படிக்கிறார். வெளிப்பக்கம் நிற்பவர் அதை ஒரு தொகையாகப் படிக்கிறார்.

எல்லிஸ் சாலையிலிருந்து பெரிய தெருவுக்கு நடக்கிற தூரம்தான். அங்கே இந்து உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. 1904இல் அதன் தலைமையாசிரியர் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. அவரும் நண்பர்களும் சேர்ந்து அந்த வருடம் ஏப்ரலில் ஒரு மளிகைக் கடை தொடங்கினார்கள். திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம், எங்கள் வாயில் டி.யு.சி.எஸ். நூற்றிருபது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. என் அம்மா சர்க்கரைக்கும் மண்ணெண்ணெய்க்கும் நின்ற வரிசை அதன் கடை வரிசை.

இந்தக் கடைக்குப் பின்னால் ஓர் அதிகாரியின் உழைப்பு இருக்கிறது. சென்னை மாகாணத்தின் சிவில் பணி அதிகாரி ஃபிரடெரிக் நிக்கல்சன், உழவர்களைக் கடனிலிருந்து மீட்க என்ன வழி என்று ஆராய்ந்து 1895இலும் 1897இலும் இரண்டு பெரிய தொகுதிகளாக அறிக்கை கொடுத்தார். ஐரோப்பாவின் கடன் சங்கங்களையெல்லாம் அலசிய பிறகு அவர் வந்து சேர்ந்த முடிவு எளிமையானது: முதலில் வேண்டியது சட்டமோ பணமோ இல்லை, ராய்ஃபைசனைப் போன்ற மனிதர்களை இங்கே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

யார் அந்த ராய்ஃபைசன்? ஜெர்மனியில் மலைப்பாங்கான ஏழைக் கிராமங்களின் மேயர், அதாவது ஓர் அரசு ஊழியர். 1846-47 குளிர்காலத்தில் விளைச்சல் பொய்த்து ரொட்டி விலை ஏறியபோது, வசதியுள்ளவர்களிடம் பணம் திரட்டி மாவு வாங்கி, ஊருக்குப் பொதுவாக ஓர் அடுப்பு கட்டி, பாதி விலைக்கு ரொட்டி கிடைக்க வழி செய்தார். தர்மத்தால் தொடங்கியது தர்மத்தாலேயே நிற்காது என்று அடுத்த பதினைந்து வருட அனுபவம் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது. 1864இல் அவர் உருவாக்கிய கடன் சங்கத்தில் கடன் வாங்குகிறவர்களே உறுப்பினர்கள், அவர்களே பொறுப்பாளிகள். கண்பார்வை மங்கிப் பதவியை விட்டு விலகிய பிறகும் சங்கங்கள் பெருகின. அவர் மேயராக இருந்தார் என்பதற்காக அவை நின்றிருந்தால் அவரோடு விழுந்திருக்கும்.

நிக்கல்சன் தேடச் சொன்ன மனிதர்கள் அரசாங்கத்துக்குள் இருந்துதான் வர வேண்டும் என்றில்லை. திருவல்லிக்கேணியில் ஒரு பள்ளித் தலைமையாசிரியராகவும் அவருடைய நண்பர்களாகவும் வந்தார்கள். 1904இன் கூட்டுறவுச் சட்டம் கடன் சங்கங்களை மட்டும் நினைத்து எழுதப்பட்டது. எங்கள் ஊர்க்காரர்கள் அரிசியும் பருப்பும் விற்கத் தொடங்கினார்கள். எட்டு வருடம் கழித்து, 1912இல், மற்ற வகைச் சங்கங்களுக்கும் இடம் கொடுத்துப் புதிய சட்டம் வந்தது. மக்கள் ஒரு வேலையைத் தொடங்கிவிட்டார்கள், சட்டத்தில் அதற்குப் பெயர் இல்லை என்றால் அதிகாரி என்ன செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை. அவர்களைத் தடுக்காமல் பார்த்துக்கொள்ளலாம். பிறகு சட்டத்தை விரிக்கலாம்.

சேப்பாக்கம் பக்கம் போனால் இன்னொரு மனிதர் நிற்கிறார். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியவரே அவர்தான். ஆற்காட்டு நவாபின் சேப்பாக்கம் அரண்மனையை 1850களின் இறுதியில் அரசாங்கம் ஏலத்தில் எடுத்த பிறகு, வருவாய் வாரியம் அங்கே வந்தது. கலச மகாலில் பொறியியல் கல்லூரியும் நடந்தது. 1920இல் கிண்டிக்குப் போன அதே கல்லூரி. அங்கே பாடம் சொல்லிக்கொண்டிருந்தார் ஆல்ஃபிரட் சேட்டர்டன். கொஞ்ச காலம் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருந்த கலைப் பள்ளியின் பொறுப்பும் அவரிடம் வந்தது.

கப்பலில் வந்திறங்கும் மலிவுச் சரக்கால் பாத்திரத் தொழிலாளர்களின் பிழைப்பு நொடிந்துகொண்டிருந்த காலம். சேட்டர்டன் 1898இல் கலைப் பள்ளிப் பட்டறையில் அலுமினியத் தகடுகளை வரவழைத்தார். பித்தளையைத் தட்டிப் பழகிய கைகளிடம் அதைக் கொடுத்துப் பார்த்தார். அந்த உலோகம் அன்று நம் ஊருக்கு அந்நியம். லேசானது, ஈயம் பூச வேண்டாம், புளி பட்டால் களிம்பு ஏறாது. குவளை, சட்டி, குண்டான் என்று வரிசையாகச் செய்தார்கள், விற்றும் பார்த்தார்கள். வாங்க ஆள் இருக்கிறது, செய்ய ஆள் இருக்கிறது, கணக்கு கட்டுப்படியாகிறது என்று நிரூபணமானது. 1903இல் அந்தப் பட்டறையைத் தனியார் கம்பெனி ஒன்றுக்குக் கொடுத்துவிட்டு அரசாங்கம் வெளியேறியது. இன்று நம் ஊரில் அலுமினிய அண்டா இல்லாத கல்யாணச் சமையல் உண்டா? அதன் வேர் ஒரு பள்ளிக்கூடப் பட்டறையில் இருக்கிறது.

அடுத்து தோல். கிணற்றில் கவலை இறைக்கும் தோல் சால் தண்ணீரில் ஊறி ஊறிச் சீக்கிரம் அழுகிப்போகும். குரோம் முறையில் பதனிட்டால் நீடிக்குமா என்று சோதிக்கத் தொடங்கியவர், செருப்பு, பூட்ஸ் வரை போனார். அதற்கடுத்து கிணற்றுப் பாசனத்துக்கு எண்ணெய் எஞ்சினும் பம்பும். ஒவ்வொன்றும் எதிரே தெரிந்த ஒரு கஷ்டத்திலிருந்து புறப்பட்டது. செய்து காட்டியதெல்லாம் நம் கைகளால், நம் வெயிலில்.

எல்லாம் பலிக்கவில்லை. சேலத்தில் நெசவாளர்களை ஒரே கூரையின் கீழ் கூட்டி, விசைநாடா வைத்த தறிகளில் நெய்ய ஏற்பாடு செய்தார். நெசவாளர்கள் மனம் ஒப்பவில்லை. வீட்டில் தறி இருந்தால் மனைவி நூல் சுற்றுவாள், பிள்ளை பாவு இழுக்கும், வேலையும் வாழ்க்கையும் ஒன்றாக ஓடும். மணியடித்து உள்ளே போய் மணியடித்து வெளியே வரும் வாழ்க்கையை அவர்கள் கேட்கவில்லை. அந்த நெசவுச்சாலை சில வருடங்களில் மூடப்பட்டது. விசைநாடாவின் பயனை நெசவாளர்கள் பார்க்க மறுக்கவில்லை, கூரையைத்தான் மறுத்தார்கள். பாத்திரத் தொழிலாளியிடம் சேட்டர்டன் அவன் கையில் ஏற்கனவே இருந்த வித்தையோடு போனார், பலித்தது. நெசவாளியிடம் அவன் வாழ்க்கையை மாற்றச் சொல்லிப் போனார், பலிக்கவில்லை. ஒரே மனிதர், ஒரே நல்லெண்ணம். தோற்ற கதையையும் சேர்த்தே பயிற்சி வகுப்பில் சொல்ல வேண்டும்.

1908இல் உதகையில் தொழில் மாநாடு கூடியது. தொழில்களுக்கென்று தனித் துறையும் அதற்கு ஓர் இயக்குநரும் என்று சென்னை முடிவெடுத்து சேட்டர்டனை அங்கே அமர்த்தியது. ஐரோப்பிய வணிகர்கள் முணுமுணுத்தார்கள்: அரசாங்கமே கடை போட்டால் நாங்கள் எதற்கு? 1910இல் லண்டனிலிருந்து இந்தியா மந்திரி மார்லியின் ஆணை வந்தது. அரசாங்கம் தொழில் நடத்தக் கூடாது, தொழிற்கல்வியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். தனியார் முயற்சியைக் காப்பாற்றுகிறேன் என்ற பெயரில், தனியார் முயற்சிக்கு நாற்று வளர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்த கையை மார்லி தட்டிவிட்டார். சேட்டர்டன் 1912இல் மைசூர் சமஸ்தானத்துக்குப் போய்விட்டார். சில ஆண்டுகளில் சென்னையில் அந்தத் துறை மறுபடி எழுந்தது. 1916இல் அமைந்த இந்தியத் தொழில் ஆணையத்தில் சேட்டர்டனும் ஓர் உறுப்பினர். அரசு தொழில் வளர்ச்சியில் கை கொடுக்கத்தான் வேண்டும் என்று அந்த ஆணையம் சொன்னது.

நாற்றங்கால் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். வயலின் ஒரு மூலையில் சின்னப் பாத்தி. நல்ல மண், அளவான தண்ணீர், காக்கை குருவி அண்டாமல் காவல். இருபத்தைந்து நாள், முப்பது நாள். நாற்று உரிய உயரம் வந்ததும் பிடுங்கி வயலில் நட வேண்டும். முன்னதாகப் பிடுங்கினால் வேர் பிடிக்காது. தாமதித்தால் நாற்றங்காலிலேயே முற்றிப்போகும். பிறகு நட்டாலும் தூர் கட்டாது. எத்தனை பிரியமாக வளர்த்தாலும் நாற்றங்காலிலேயே கதிர் அறுக்கலாம் என்று எந்த உழவரும் நினைப்பதில்லை. மார்லி நாற்றங்காலே வேண்டாம் என்றார். பின்னாளில் சுதந்திர இந்தியாவில் சில இடங்களில் நேர் எதிரான பிழையைச் செய்தோம். நாற்றை வயலுக்கு அனுப்பவே மனம் வராமல் பாத்தியிலேயே வைத்திருந்தோம். சேட்டர்டன் ஐந்து வருடத்தில் அலுமினியப் பட்டறையைக் கைமாற்றிய பருவ அறிவு இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. அந்தப் பருவ அறிவைத்தான் தலைமைப் பண்பு என்று நான் புரிந்துகொள்கிறேன்.

ஜப்பானில் இதே அறிவு இன்னும் பெரிய அளவில் வேலை செய்தது. 1872இல் டொமியோகாவில் அரசு ஒரு பட்டு நூற்பாலை கட்டியது. பிரெஞ்சுக்காரர்கள் வந்து தொழில் சொல்லிக் கொடுத்தார்கள். அந்நியர்கள் இரத்தம் குடிப்பவர்கள் என்ற வதந்தியால் முதலில் பெண்களை அனுப்ப ஊர்கள் பயந்தன. பிறகு வந்தார்கள். கற்ற பெண்கள் தங்கள் ஊர் திரும்பி, அங்கே எழுந்த தனியார் ஆலைகளில் மற்றவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். இருபத்தொரு வருடம் நடத்திவிட்டு 1893இல் அரசு ஆலையை மிட்சுயி நிறுவனத்துக்கு விற்றது. அது நூற்ற நூலைவிட, அங்கிருந்து ஊர் திரும்பிய பெண்களே அதன் பெரிய விளைச்சல். நம் நிக்கல்சனும் மீன்வளம் பற்றி அறிய ஜப்பானுக்குப் போனவர். இங்கிருந்த சிறந்த அதிகாரிகள் அன்றே கிழக்கைப் பார்த்தும் பாடம் படித்திருக்கிறார்கள்.

நம் காலத்துக்கு வந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் ஐராவதம் மகாதேவன். சிறுபத்திரிகை வாசகர்களுக்கு அவரைத் தமிழ் பிராமிக் கல்வெட்டுகளின், சிந்து எழுத்துகளின் ஆய்வாளராகத் தெரியும். 1987 முதல் 1991 வரை தினமணியின் ஆசிரியராகத் தெரியும். 1954இல் ஐ.ஏ.எஸ். பணியில் சேர்ந்த அவர் எழுபதுகளின் இறுதியில் டிட்கோவின் தலைமைப் பொறுப்பில் இருந்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. டாடா குழுமத்தின் ஜெர்க்ஸஸ் தேசாயோடு கைக்கடிகாரத் தொழில் பற்றிய பேச்சு அவர் காலத்தில் தொடங்கியது. 1980இல் அவர் விருப்ப ஓய்வு பெற்றுக் கல்வெட்டுகளிடம் திரும்பிவிட்டார். டிட்கோவும் டாடாவும் சேர்ந்த டைட்டன் நிறுவனம் பிறந்தது 1984இல். ஆலை ஓசூரில் எழுந்தது. பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்த கிராமத்துப் பிள்ளைகளை அழைத்து வந்து, நுண்ணிய கடிகார வேலையை அவர்கள் விரல்களுக்குப் பழக்கினார்கள். நிர்வாகம் தனியாரிடம் போனது. பங்கு அரசிடம் நின்றது. இன்றும் டைட்டனின் பங்குகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 28 டிட்கோவிடம் இருக்கிறது. தனியாருக்கு வழிவிடுவது என்றால் பொதுச் சொத்தை விட்டுக்கொடுப்பது என்று பயப்படுகிறவர்களுக்கு இதைச் சொல்வேன்.

விதைத்தவர் அறுவடைக்கு இருக்கவில்லை. அதைப் பற்றி மகாதேவன் குறைப்பட்டிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. குகைத் தளத்தில் சிதைந்துபோன ஓர் எழுத்துக்காகத் திரும்பத் திரும்ப மலையேறியவர் அவர். முதல் பார்வைக்குக் கோடாகத் தெரிவது எழுத்தாக இருக்கலாம் என்ற பொறுமை, கையில் வெறும் யோசனையோடு வந்து நிற்கும் தொழில்காரர் ஒருவரின் பேச்சைக் கேட்கவும் உதவும். பயிற்சி நிலையங்களில் நிர்வாகவியல் புத்தகங்கள் அடுக்கியிருக்கும் அலமாரியில் வேறு வகை வாசிப்புக்கும் இடம் வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான்.

அதிகாரிகளின் பக்கம் ஒரு நியாயமும் இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. பொது நலன் இல்லாமல் ஒரு தனியாருக்குப் பண ஆதாயம் கிடைக்கும்படி முடிவெடுத்தால், அதிகாரி தானாக ஒரு ரூபாயும் வாங்கியிராவிட்டாலும், குற்றம் என்று அதைப் படிக்க இடமிருந்தது. தொழில் வளர்ச்சித் துறையில் எடுக்கும் எந்த முடிவு யாரோ ஒரு தனியாருக்கு ஆதாயம் தராமல் போகும்? நிலம் ஒதுக்கினாலும் சரி, மின் இணைப்பு கொடுத்தாலும் சரி, ஆதாயம்தான். கையெழுத்துப் போட்டால் நாளை வழக்கு வரலாம். போடாவிட்டால் ஒன்றும் வராது. அப்படியிருக்க கோப்பு மேலும் கீழுமாகச் சுற்றுவதில் வியப்பில்லை. 2018இல் அந்தப் பிரிவை நீக்கினார்கள். அது மனங்களில் விட்டுப்போன நடுக்கம் ஒரு திருத்தத்தால் போகாது.

அந்த நடுக்கத்தில் பாதி நல்லதுக்கும்தான். தொழிலை வளர்ப்பதும் ஒரு தொழிலதிபரை வளர்ப்பதும் ஒன்றில்லை. நெருங்கிப் பழகினால்தான் தொழில் புரியும். நெருக்கம் முற்றினால் நீதி கெடும். சேட்டர்டன் பட்டறையை ஒரு கம்பெனிக்குக் கொடுத்தார். அலுமினியம் தட்டும் வித்தை அந்த ஒரு கம்பெனியோடு நிற்கவில்லை, ஊர் முழுக்கப் பரவியது. அதிகாரி தன்னையே கேட்டுக்கொள்ளத் தகுந்த கேள்வி இதுதான்: நான் இவருக்குத் திறந்த கதவு, நாளை யாரென்றே தெரியாத ஒருவர் வந்தாலும் திறந்திருக்குமா?

ஆகவே பயிற்சி என்றால் இன்னும் ஒரு வகுப்பு, இன்னும் ஒரு சான்றிதழ் என்று நான் நினைக்கவில்லை. 1956இல் ஐதராபாத்தில் நிர்வாகப் பணியாளர் கல்லூரி தொடங்கியபோது அரசு அதிகாரியும் கம்பெனி மேலாளரும் ஒரே வகுப்பில் உட்கார வேண்டும் என்பது அதன் அடிப்படையாக இருந்தது. அந்த யோசனையை அம்பத்தூருக்கும் சிவகாசிக்கும் திருப்பூருக்கும் கொண்டு வரலாம். தொழில் துறைக்கு வருகிற அதிகாரி முதல் மூன்று மாதம் ஒரு சிறு தொழிற்கூடத்தில் கணக்கு எழுதட்டும். ஒரு மனுவைத் தானே எழுதி, தன் பெயரைச் சொல்லாமல், ஒவ்வொரு கவுண்டராக நின்று பார்க்கட்டும். தோற்றுப்போன தொழில்காரர் ஒருவரை வகுப்புக்கு அழைத்து, எந்த நாளில் எந்தக் காகிதத்துக்காகக் காத்திருந்தபோது நம்பிக்கை போயிற்று என்று கேட்கட்டும். பயிற்சியில் பெற்றது வேர்விடுமுன் ஆளை இடம் மாற்றாமலும் இருக்க வேண்டும். நாற்று பிடுங்கும் பருவம் அதிகாரிக்கும் உண்டு.

இதையெல்லாம் நான் எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கிறது. ஜாம்பஜார் பக்கம் ஒரு சந்தில் என் அப்பா டிரெடில் அச்சகம் வைத்திருந்தார். பில் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ். எண்பதுகளின் நடுவில் ஆஃப்செட் வந்து வேலையை இழுத்துக்கொண்டு போனது. சின்ன ஆஃப்செட் இயந்திரம் ஒன்று வாங்கக் கடனுக்கு மனு போட்டார். ஓர் அலுவலகத்துக்குப் பதினொரு முறை நடந்தார். ஒவ்வொரு முறையும் ஒரு காகிதம் குறைந்தது. கம்பாசிட்டர் இருவருக்குச் சம்பளப் பாக்கி விழுந்தது. பதினொன்றாவது முறை போய் வந்த அன்று ராத்திரி அப்பா சாப்பிடாமல் அச்சுப் பெட்டியில் எழுத்துகளை எடுத்து எடுத்துத் திரும்ப அதே குழியில் போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அடுத்த வாரம் ஓர் இளம் அதிகாரி கடைக்கே வந்தார். புதிதாக அந்த இடத்துக்கு மாற்றலாகி வந்தவர். அப்பா பதறிப்போய், “சார், டீ சொல்லட்டுமா?” என்றார். “டீ இருக்கட்டும் ஐயா. மெஷினை ஓட்டுங்க, பார்க்கிறேன்” என்றார் அவர். ஒரு மணி நேரம் நின்றார். மணிக்கு எத்தனை அடிக்கும், ஒரு ரீம் என்ன விலை, பணம் எப்போது கைக்கு வரும், வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். அந்தக் கேள்விகளில் ஒன்றுகூட மனுப் படிவத்தில் இல்லை. போகும்போது கை கழுவத் தண்ணீர் கேட்டார், விரலெல்லாம் மை. இருபது நாளில் கடன் வந்தது.

இயந்திரம் வந்து ஓடத் தொடங்கி ஏழெட்டு மாதம் இருக்கும். ஒரு சாயங்காலம் சந்து முனையில் அவர் நிற்பதை நான் பார்த்தேன். உள்ளே வரவில்லை. ஆஃப்செட் ஓடும் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு பெரிய தெருப் பக்கம் நடந்து போய்விட்டார். ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அப்பா வெளியே வந்து பார்த்தபோது ஆளைக் காணவில்லை. “உள்ள வந்திருக்கலாமே” என்று அப்பா வருத்தப்பட்டார். அப்போது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உள்ளே வந்திருந்தால் அப்பா டீ சொல்லியிருப்பார், நன்றி சொல்லியிருப்பார், அடுத்த முறை எதற்கோ சிபாரிசு கேட்கவும் நேர்ந்திருக்கும். அவர் இயந்திரத்தின் சத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனார் என்பது எனக்குப் புரிய வயதாக வேண்டியிருந்தது.

இன்று காலையும் எதிர் மேன்ஷனில் விளக்கு எரிந்தது. பையோடு இறங்கிய பையன் சாவியைக் கொடுத்துவிட்டு ஏதோ சொன்னான். படித்துக்கொண்டிருந்தவன் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து, கனமான பையின் ஒரு காதைப் பிடித்துக் கீழ்ப்படி வரை தூக்கிக் கொடுத்தான். தெருவில் கால் வைத்ததும் கையை விட்டான். பை போகும் திசையைக் கொஞ்ச நேரம் பார்த்து நின்றுவிட்டு, மேலே ஏறிப் போய் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தான்.